டிஸ்சார்ஜ் ஆச்சு... வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? செட்டிநாட்டுக் குடும்பங்கள் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்" என்று டாக்டர் சொன்ன நிமிஷத்திலிருந்து குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ் பறக்கும். சென்னையில் இருக்கும் மகன் "கார் அனுப்பவா?" என்பார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் "பில் எவ்வளவுன்னு சொல்லுங்க, அனுப்பிடுறேன்" என்பார். கடைசியாக ஒரு மெசேஜ் வரும்: "வீட்டுக்கு வந்ததும் யாராவது கூட இருந்து பார்த்துக்குங்க."

அந்த 'யாராவது' யார் என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. யார் பக்கத்தில் இருக்கிறாரோ, யாரால் மறுக்க முடியாதோ, அவர் தலையில் விழுகிறது. ஒரு வாரம் எல்லாம் சரியாகப் போகும். மூன்றாவது வாரத்தில் மாத்திரை மாறிப்போகும், புண் சீழ் பிடிக்கும், பார்த்துக்கொள்பவருக்கே காய்ச்சல் வரும். சில நேரம் நோயாளி மறுபடியும் அதே வார்டுக்குத் திரும்புவார்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும். பெரியவர்கள் மட்டும் ஊரில். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021-ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். நாட்டின் சராசரி 10.1 சதவீதம். கேரளாவுக்கு அடுத்து நாம்தான்.

அப்படியானால் ஆளை எப்படித் தேர்வு செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் வேலை, அப்புறம்தான் ஆள்

எல்லோரும் செய்வது இதைத் தலைகீழாக. "சின்ன மருமகள் பார்த்துக்கும்" என்று பெயரை முதலில் சொல்லிவிடுகிறார்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தனியாக இருக்கும் 74 வயது ஆச்சி ஒருவர் வளவு முற்றத்தில் வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிவு. மதுரையில் ஆபரேஷன். சில நாட்களில் டிஸ்சார்ஜ். 'நடக்க ஆரம்பிச்சிட்டாங்க' என்று சொல்லி அனுப்புகிறார்கள். உண்மைதான், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கிறார். ஆனால் வீட்டில் நடக்க வேண்டியது என்ன?

காலையில் எழுந்ததும் கழிப்பறைக்குப் போக ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அதை யாராவது போட வேண்டும். தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாட்கள் வரை, புண்ணில் தண்ணீர் படாமல் பார்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை, வலிக்குது என்று ஆச்சி சொன்னாலும், பேசிப் பேசிச் செய்ய வைக்க வேண்டும். இடுப்பு மூட்டையே மாற்றி வைத்திருந்தால் தரையில் உட்காரக் கூடாது, குத்த வைக்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது, பலகை மாதிரி தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது. காலமெல்லாம் பாயில் உட்கார்ந்தே பழகியவருக்கு இதை ஒரு நாளைக்குப் பத்து தடவை ஞாபகப்படுத்த ஆள் வேண்டும்.

இதெல்லாம் பகல் வேலை. கஷ்டம் ராத்திரியில்தான். இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போக எழுவார். "புள்ளைய எழுப்ப வேணாம்" என்று தானே இறங்கி நடப்பார். இரண்டாவது தடவை விழுவது பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே இந்த ஆச்சிக்கு ஆள் பார்க்கும்போது முதல் கேள்வி: ராத்திரி ஒரே அறையில் படுத்து, கூப்பிட்டால் எழக்கூடியவர் யார்? நன்றாகச் சமைப்பவர் யார் என்பதெல்லாம் அடுத்தது. சமையலைக் காசு கொடுத்தும் செய்துகொள்ளலாம்.

நோய் மாறினால் ஆளும் மாறும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர் என்றால் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தால் தலையைத் தூக்கி வைத்து ஊட்டி, அப்புறமும் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கப் பொறுமை வேண்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். பைபாஸ் ஆபரேஷன் முடிந்தவர் தன் வேலையைத் தானே ஓரளவு செய்துகொள்வார். நெஞ்செலும்பு கூடும் வரை கனம் தூக்கக் கூடாது, மாத்திரை தப்பக் கூடாது. அவருக்கு மாத்திரைக் கணக்கும் தேதியும் பார்க்கத் தெரிந்த ஆள் போதும். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வண்டியில் கூட்டிப்போய் உட்கார்ந்து வரும் ஆள்தான் முக்கியம்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் வார்டு சிஸ்டரிடம் ஒரு தாளைக் கொடுத்து, "காலையில் இருந்து மறுநாள் காலை வரைக்கும் நாங்க என்னென்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

எந்த வீட்டுக்குக் கூட்டிப்போவது?

ஆளைத் தேர்வு செய்யும் முன் வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஏனென்றால் செட்டிநாட்டு வீடு, நோயாளியைப் பொறுத்தவரை, கொஞ்சம் விசித்திரமானது. எல்லாம் தரைத்தளத்திலேயே இருப்பது நல்ல விஷயம். ஆனால் தெருவிலிருந்து ஏற நாலைந்து படி. ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஆத்தங்குடித் தரை பார்க்க அழகு, ஈரமாக இருந்தால் வாக்கருக்கு எதிரி.

அதனால் படுக்கையைக் கழிப்பறை பக்கம் கொண்டுபோங்கள், அல்லது கழிப்பறையைப் படுக்கை பக்கம் கொண்டுவாருங்கள். நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி ஒன்றை அறைக்குள்ளேயே வைத்தால் ராத்திரிப் பிரச்னையில் பாதி தீரும். நிலைப்படி உள்ள வாசலைத் தாண்ட வேண்டாத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். 'ஆச்சி எப்பவும் படுக்கிற இடம்' அதுவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

"சென்னைக்கே கூட்டிட்டு வந்திடுறோம்" என்று பிள்ளைகள் சொல்வது பாசத்தில்தான். லிஃப்ட் உள்ள பிளாட், வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி என்று வசதி நிறைய. ஆனால் கணவன் மனைவி இருவரும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால், அந்த பிளாட்டில் பெரியவர் மாலை வரை தனிதான். கதவைத் தட்டிப் பேச ஒரு ஆள் இல்லாத தனிமை ஊரில் இருப்பதைவிடக் கொடியது. மேலும் தையல் பிரிக்க, எக்ஸ்ரே எடுக்க ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போக வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அதற்காக ஒரு ராத்திரிப் பயணம், முறிந்த இடுப்போடு. முதல் ஆறு வாரம் எங்கே, அதற்குப் பிறகு எங்கே என்று இரண்டாகப் பிரித்து முடிவெடுப்பது நல்லது.

மருமகளா, மகளா, மனைவியா... யார்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலை செய்வதாகத் தெரியவந்தது. ஆண்களில் 21.4 சதவீதம். செலவிடும் நேரம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 140 நிமிடம், ஆண்களுக்கு 74 நிமிடம். குழந்தை பார்ப்பதும் இதில் சேர்த்திதான். ஆனாலும் நோயாளி வீட்டுக்கு வரும்போது வேலை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் தேவையில்லை.

முதல் பெயராக மனைவியின் பெயர் வரும். 76 வயதுக்காரரை 70 வயது மனைவி பார்த்துக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். அவருக்கும் மூட்டுவலி, சர்க்கரை, பிரஷர் இருக்கும். அவரால் மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியும், பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியும். ஆனால் 65 கிலோ எடையுள்ள கணவரைக் கட்டிலில் தூக்கி உட்கார வைக்கச் சொன்னால், வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள். அவர் பெயரைப் போடுவதாக இருந்தால், தூக்கும் வேலைக்கு இன்னொருவர் பெயரையும் சேர்த்தே போட வேண்டும்.

அடுத்து மருமகள். இங்கே யாரும் வெளியே பேசாத ஒரு விஷயம் இருக்கிறது: தொடுவது. மாமனாரைக் குளிப்பாட்டுவது, உள்ளாடை மாற்றுவது மருமகளுக்கும் சங்கடம், மாமனாருக்கு அதைவிடச் சங்கடம். அந்தச் சங்கடத்தில் அவர் மணிக்கணக்கில் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பார், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் முடியும். அப்பாவுக்கு இந்த வேலைகளை மகன்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மகன் ஊரில் இல்லையென்றால் கூலிக்கு ஓர் ஆண் உதவியாளரை வைக்கலாம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வந்து போனாலும் போதும்.

கல்யாணம் ஆகாத மகள், அல்லது கணவரை இழந்து தாய்வீட்டில் இருக்கும் மகள் இருந்தால் பேச்சே இல்லாமல் அவரிடம் போய்விடும். "அவளுக்கு என்ன வேலை" என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோரும் நினைக்கிறார்கள். அவரைத்தான் கண்டிப்பாகத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர் "சரி" என்றால் எத்தனை மாதத்துக்கு, வாரத்தில் எந்த நாள் அவருக்கு விடுமுறை, அவர் கைச்செலவுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். பிளஸ் டூ படிக்கும் பேத்தியை "கொஞ்ச நாள் தாத்தா கூட இரு" என்று நிறுத்துவது வேண்டவே வேண்டாம்.

செட்டிநாடு என்றால் பெரிய வீடும் வெளிநாட்டுப் பணமும் மட்டுமில்லை. அந்த வீடுகளைச் சுற்றித்தான் கொத்தனார், சித்தாள், சமையல் வேலைக்காரர், கடைப் பையன், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே கூட இருப்பவருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தால், வீட்டில் இருக்கும் ஒருவரின் கூலியை மற்ற மூவரும் பங்கு போட்டுக் கொடுப்பதே நியாயம். சொல்லச் சங்கடமாக இருக்கும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதத்தில் சண்டையாக வரும்.

கேரளாவில், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில் மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். சிறிய தொகைதான், ஆனால் அதை வேலை என்று அரசு ஒப்புக்கொண்டது. ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்பீடே இருக்கிறது. வீட்டில் உறவினர் பார்த்துக்கொண்டாலும் அதிலிருந்து பணம் வரும்.

வெளியாள் வைப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. ஏஜென்சிகள் 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பும் எல்லோரும் நர்ஸ் இல்லை. நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாதவரைக் குளிப்பாட்ட, ஊட்ட, நடக்க வைக்கத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஊசி, டியூப் வேலையை அவரிடம் விடாதீர்கள். வெளியாள் இருந்தாலும் அவருக்கு மேலே குடும்பத்தில் ஒருவர் பொறுப்பில் இருந்தே ஆக வேண்டும்.

படுத்திருப்பவரிடம் கேட்டீர்களா?

பெரும்பாலும் கேட்பதில்லை. "அவங்களுக்கு என்ன தெரியும், நாம முடிவு பண்ணுவோம்" என்றுதான் பேச்சு போகும். ஆனால் அப்பத்தாவுக்கு யாரைக் கண்டால் பயம், யாரிடம் கேட்டால் கூசாமல் கேட்க முடியும் என்பது அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். கேட்கும்போது அந்த மருமகளோ மகளோ அறையில் இல்லாமல் கேளுங்கள். "உனக்கு யார் ராத்திரி கூட இருந்தா நல்லா இருக்கும்?" என்று ஒரே கேள்வி. பதில் எதிர்பாராததாக இருக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா என்று சொல்லலாம், இரண்டாவது மருமகள் என்று சொல்லலாம். அப்படியே நடத்த முடியாவிட்டாலும் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்வது பயன்படும்.

பெயரை முடிவு செய்தாச்சு, அடுத்து பயிற்சி

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் ஒருவர், வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவர் இன்னொருவர் என்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. சிஸ்டர் சொன்னதெல்லாம் தம்பி காதில் விழுந்திருக்கும். தம்பி வேலைக்குத் திரும்பிவிடுவார். வீட்டில் இருக்கும் அண்ணிக்கு ஒன்றும் தெரியாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டமே வந்தது. 2014-ல் ஓக்லஹோமா மாநிலம் தொடங்கி, இப்போது 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நோயாளி சேரும்போதே வீட்டில் யார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்; டிஸ்சார்ஜ் செய்யும் முன் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்; வீட்டில் செய்ய வேண்டிய மருத்துவ வேலைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் அந்தச் சட்டம். நம் ஊரில் அப்படிக் கட்டாயம் இல்லை, ஆனால் நாமே கேட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. இந்தியாவின் பல மாநிலங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து வார்டிலேயே உறவினர்களுக்கு வகுப்பு எடுக்கும் நூரா ஹெல்த் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன.

எனவே பார்த்துக்கொள்ளப்போகிறவர் கடைசி இரண்டு நாளாவது வார்டில் இருக்கட்டும். சிஸ்டர் செய்வதைப் பார்ப்பதோடு நிற்காமல், சிஸ்டர் பார்க்க அவர் ஒருமுறை செய்து காட்டட்டும். ஊசி, டிரெஸ்ஸிங், சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, கட்டிலிலிருந்து எழுப்புவது எல்லாமே. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும் என்பது ஒரு நிமிஷப் பாடம். தெரியாதவர்கள் அதைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுத் தொற்றோடு திரும்பி வருவார்கள்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கவனம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கும். பிரஷருக்கு, சர்க்கரைக்கு என்று பல வருஷமாகச் சாப்பிடுவது. ஆஸ்பத்திரியில் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வீட்டில் இரண்டையும் கொடுப்பார்கள். சர்க்கரை மாத்திரை இரட்டிப்பானால் மயக்கம், அதற்கு மேலும் ஆபத்து. பழைய டப்பாவை அப்படியே வார்டுக்கு எடுத்துப்போய் டாக்டர் முன்னால் கொட்டி, எது தொடரணும், எது நிறுத்தணும் என்று கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தது. உறவினர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே இருந்தவர்கள் ஒரே அளவு, 47 சதவீதம். குடும்பத்தார் உதவி வீண் என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். பிசியோதெரபிஸ்டுக்குப் பதிலாக மருமகளை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட முடியாது என்பதே விஷயம்.

அரசிடம் என்ன கிடைக்கும்?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து செய்வது இருக்கிறது. யாரும் தானாக வந்து நிற்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், நகரத்துக்குள் என்றால் நகர்ப்புற சுகாதார நிலையத்தில், போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ அலைய முடியாத தொடர் சிகிச்சைக்கு காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனையும், 2012 முதல் செயல்படும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

முதல்வர் காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைத் தாங்கும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவு அதில் வராது. அந்தப் பணத்தைக் குடும்பம்தான் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

சொத்துப் பேச்சு எப்போது?

'பார்த்துக்கிட்டவங்களுக்கு வீடு' என்பது நம் பக்கம் சொல்லாமல் ஓடும் ஒப்பந்தம். சில நேரம் டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே பத்திரம் எழுதும் பேச்சு வந்துவிடும். அப்போது வேண்டாம். ஆபரேஷன் முடிந்த பெரியவர்களுக்குச் சில நாட்கள் மனம் குழம்பியிருக்கும். ராத்திரியில் செத்துப்போன அப்பச்சியைக் கூப்பிடுவார்கள், இது நம்ம வீடே இல்லை என்பார்கள். அது வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி. அந்த நிலையில் வாங்கும் கையெழுத்து நாளைக்கு நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்டால் என்ன செய்வது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-ன் 23-வது பிரிவில், பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை என்று புகார் செய்ய, கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தது என்றாலே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை. ஆனாலும் எழுதுவதாக இருந்தால் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு.

இதே சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். மனுவை வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம். காரைக்குடி தாலுகா தேவகோட்டை வருவாய் கோட்டத்தில் வருவதால் மனு அங்கே போகும். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடமும் கேட்க முடியும்.

இன்னொரு சின்ன விஷயம், ஏடிஎம் கார்டு. பார்த்துக்கொள்பவரிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு, பிறகு கணக்குக் கேட்பது இருவருக்குமே மரியாதை இல்லை. மாதச் செலவுக்கு ஒரு தொகையை அவர் கையில் கொடுத்து, ஒரு நோட்டில் எழுதச் சொல்வது போதும். கல்யாணத்தில் மொய்ப்பண ஏடு, சீர் சாமான் பட்டியல் என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கும் ஊர் இது. மாத்திரை, செலவு, ராத்திரி யார் முறை என்பதையும் அதே மாதிரி எழுதலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

விசாரிக்க வருகிறவர்களும், விமானத்தில் வருகிறவர்களும்

உடம்பு சரியில்லை என்றால் போய் விசாரிக்காவிட்டால் இங்கே குறை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக நாள் முழுக்க வருவார்கள். ஒவ்வொருவருக்கும் காபி போடுவது யார்? ராத்திரி மூன்று தடவை எழுந்த அதே ஆள்தான். மாலை ஐந்திலிருந்து ஆறு மணி வரை மட்டும் பார்க்கலாம் என்று ஒரு பெரியவர் வாயால் சொல்ல வையுங்கள். கூட இருப்பவர் சொன்னால் 'பார்க்க விடமாட்டேங்குது' என்று பேச்சு வரும்.

வெளிநாட்டுப் பிள்ளை வந்து பத்து நாள் இருக்கும்போது வேறு தலைவலி. டாக்டரை மாத்தலாம், டயட் மாத்தலாம், ஏன் இப்படிப் படுக்க வச்சிருக்கீங்க என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அமெரிக்க மருத்துவர்கள் இந்த மாதிரி வரும் உறவினருக்கு 'கலிஃபோர்னியா மகள்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அப்படி வருகிறவருக்குச் சரியான வேலை ஒன்று உண்டு: அந்தப் பத்து நாள் ராத்திரியும் அவரே பக்கத்தில் படுப்பது. நிரந்தரமாகப் பார்த்துக்கொள்பவர் அந்தப் பத்து நாள் தூங்கட்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ரிப்போர்ட், மருந்து ஆர்டர் ஆகியவற்றைப் போன் மூலமே அவர் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆளை மாற்ற வேண்டிய நேரம்

தேர்வு செய்தவரே கடைசி வரை என்று இல்லை. பார்த்துக்கொள்பவர் சாப்பிடும் நேரம் தப்புகிறது, தன் மாத்திரையை மறக்கிறார், சின்ன விஷயத்துக்கும் நோயாளியிடம் கத்துகிறார், குளிப்பாட்டும்போது கை கடுமையாகிறது என்றால் அவருக்குத் தெம்பு தீர்ந்துவிட்டது. அவரைத் திட்டுவதில் பயனில்லை. ஒரு வாரமாவது வேறு ஆள் வர வேண்டும். நோயாளி உடம்பில் காரணம் தெரியாத காயமோ, பேச்சில் பயமோ தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், புண்ணில் சீழ், குளிருடன் காய்ச்சல், வாய் கோணுவது, கூப்பிட்டால் பதில் இல்லாதது ஆகியவை வந்தால் "அண்ணன் வரட்டும், கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடும் அதிகாரம் கூட இருப்பவருக்கு உண்டு என்பதைக் குடும்பம் முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. இரண்டு எண்ணையும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.